சான் பிரான்சிஸ்கோவின் படிக்கட்டுத் தெருக்கள்

சான் பிரான்சிஸ்கோவின் வரைபடத்தில் பில்பேர்ட் வீதியைத் தேடுபவர் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் ஒரு நேர்கோட்டைக் காண்பார். ஆனால் துறைமுகப் பக்கமுள்ள சான்சம் வீதியிலிருந்து அதில் நடக்கத் தொடங்கினால் செங்குத்தான பாறையொன்று எதிர்ப்படும். தெரு அங்கே முடிந்துவிடவில்லை. படிக்கட்டாக மாறி டெலிகிராப் குன்றின் மீது ஏறுகிறது.

இதற்குக் காரணம் வரைகோல்தான். 1847இல் ஜாஸ்பர் ஓபரல் என்ற அயர்லாந்து நில அளவையாளர், மேடு பள்ளம் எதனையும் பொருட்படுத்தாது நகரின் தெருக்களைச் சதுரங்கக் கட்டங்களாக வரைந்து விரித்தார். அடுத்த ஈராண்டுகளில் தங்கம் தேடி உலகமே அங்கு திரண்டது. கோடுகளைக் குன்றுகளுக்கேற்ப வளைக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. குதிரை வண்டி ஏறமுடியாத இடங்களில் படிகள் அமைந்தன. மலையும் படியும் என்றால் நமக்குக் கோயில் நினைவுக்கு வரும். இங்கே படிகள் சென்றடைவது வீட்டு வாசல்களை.

ஏறுவது கடினமாக இருந்தவரை உச்சிகளில் செல்வந்தர்கள் வசிக்க விரும்பவில்லை. 1873இல் அன்ட்ரூ ஹலிடி கம்பிவட ட்ராம் வண்டியை ஓடவிட்ட பின்னரே நொப் குன்றில் ரயில்பாதை முதலாளிகளின் மாளிகைகள் எழுந்தன. டெலிகிராப் குன்றிலோ முதலில் ஐரிஷ்காரரும் பின்னர் இத்தாலியரும் குடியிருந்தனர். துறைமுகத்தில் வேலை முடித்து அவர்கள் கால்நடையாகவே மேலேறினார்கள்.

அவர்களது காலடி நிலம் விலைபோயிற்று. கிரே சகோதரர்கள் என்ற கல்லுடைப்பு நிறுவனத்தினர் குன்றின் கிழக்குப் பக்கத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீடுகள் சரிந்தன, மக்கள் வழக்குத் தொடர்ந்தனர், ஆயினும் வெடிச்சத்தம் ஓயவில்லை. 1914இல் சகோதரர்களில் ஒருவரான ஜோர்ஜ் கிரேயை, முன்னாள் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொன்றார். அவருக்கு வரவேண்டியிருந்த சம்பளப் பாக்கி பதினேழரை டொலர். ஜூரிகள் அவரை விடுவித்தனர். பில்பேர்ட் படிகளின் அடிவாரத்தில் நாம் காணும் மொட்டைப் பாறை அந்தக் கல்லுடைப்பு விட்டுச்சென்ற முகம்தான். 2007 பெப்ரவரியில்கூட இக்குன்றின் ஒரு பக்கம் சரிந்து, கீழே குடியிருந்தோர் வெளியேற வேண்டியதாயிற்று.

1906 பூகம்பத்தின் பின் நகரைத் தீ விழுங்கியபோது இந்தச் சரிவின் சில மரவீடுகள் தப்பின. இத்தாலியர்கள் வைன் பீப்பாய்களில் சாக்குகளை நனைத்துத் தீயை அணைத்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படிகளின் இடையே பிரியும் நேப்பியர் ஒழுங்கையின் தளம் இன்றும் மரப்பலகைதான். அங்கு வாகனம் செல்லமுடியாது. தளபாடமானாலும் குப்பையானாலும் கையால்தான் சுமக்கவேண்டும்.

படியோரம் வெகுகாலம் குப்பைமேடாகவே கிடந்தது. ஒருகாலத்தில் ஹொலிவூட்டில் சாகசக் காட்சிகளில் நடித்த கிரேஸ் மர்ச்சன்ட் என்ற பெண்மணி, அறுபது வயதைக் கடந்தபின் அங்கு குடிவந்து, அக்குப்பையை அகற்றித் தோட்டம் போட்டார். 1982இல் அவர் காலமாகும்வரை அதுவே அவரது வேலை. அது அவருக்குச் சொந்தமான காணியல்ல, தெருவோரம். பின்னர் பக்கத்துக் காணியில் கட்டடம் எழவிருந்தபோது அயலவர்கள் பணம் திரட்டி அதைத் தடுத்தார்கள்.

இன்று அங்கு வீடு வாங்கச் செல்வந்தர்களால்தான் முடியும். ஆனால் படிகள் சட்டப்படி பொதுத் தெரு. சான்சம் வீதியிலிருந்து கொயிட் கோபுரம்வரை ஏறுபவரை எந்த வாயிற்காவலரும் மறிப்பதில்லை. பாதிவழியில் மூச்சுவாங்க நின்று திரும்பினால், மர்ச்சன்ட் நட்ட தோட்டத்துக்கு அப்பால் குடாவும் அதன் மேல் 1936இல் திறக்கப்பட்ட பாலமும் தெரியும்.