பித்தளையின் நடுவே ஒரு துளை

சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை எறியாமல், வீட்டு மேசையில் உட்கார்ந்து திரும்ப நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பலருக்கு உண்டு. அது எப்படிப் பிறந்தது என்று தேடிப்போனால், கூட்டின் அடியில் துளை எங்கே விழுந்தது என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம்.

துப்பாக்கியின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டுக் கோலால் இடித்த காலத்தில் சுடுகிறவர் எல்லாருமே கையால் நிரப்பியவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாவற்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்த தோட்டா பரவியது. பற்றும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருந்தது. சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும். பிறகு கூடு குப்பைக்குத்தான்.

1866இல் அமெரிக்கர் ஹைரம் பெர்டனும் ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸரும் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். இருவரும் கூட்டின் அடியில், நடுவே, பற்றும் மருந்து அடைத்த தனிக் கேப்பைப் பதித்தார்கள். தீபாவளித் துப்பாக்கிக் கேப்புக்கு உலோகச் சட்டை போட்டதுபோல என்று வையுங்கள். கேப்பு நசுங்கி வெடிக்க அடியில் ஒரு பட்டடை வேண்டும். பெர்டன் அதைக் கூட்டிலேயே வைத்ததால், தீ போகும் துளைகள் பக்கவாட்டில் ஒதுங்கின. பாக்ஸர் அதைக் கேப்புக்குள் வைத்தார். கூட்டில் நட்டநடுவே ஒற்றைத் துளை போதுமானது. மேலிருந்து கம்பியை விட்டுத் தட்டினால் பழைய கேப்பு கழன்று விழும். கடைசியில் ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தது! வீட்டில் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேர்விட அந்தத் துளையும் ஒரு காரணம்.

1870களில் மேற்குச் சமவெளியின் காட்டெருமை வேட்டைக்காரர்களுக்குக் கடை வெகுதூரம். ஈயமும் மருந்தும் வண்டியில் கொண்டுபோய், முகாமிலேயே குண்டு வார்த்து, சுட்ட கூடுகளை நிரப்பினார்கள். அந்த மந்தைகள் அழிந்த வேகத்தில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

1884இல் ஜான் பார்லோ கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஐடியல் கம்பெனியைத் தொடங்கினார். அவர் விற்ற கைக்கருவியைப் பார்த்தால் பாட்டியின் பாக்குவெட்டிதான் நினைவுக்கு வரும். கேப்பைப் பொருத்தவும் குண்டை அமர்த்தவும் அது ஒன்றே போதும். வேட்டை முகாமின் வேலை வீட்டு மேசைக்கு வர அதுவும் ஒரு காரணம்.

அடுத்த திருப்பம் ஒரு சலவை நிலையத்தின் பின்னறையில். இரண்டாம் உலகப்போரில் நல்ல வேட்டைக் குண்டுகள் கிடைக்கவில்லை. 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரவில் ஊரில், அப்பாவின் சலவை நிலையத்தில் ஃப்ரெட் ஹண்டிங்டன் குண்டு செய்ய ஓர் அச்சை உருவாக்கினார். குண்டின் ஈயத்துக்கு மேலுறை வேண்டுமே? குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த விளிம்புத் தோட்டாவின் காலிக் கூட்டையே உறையாக்கினார். ராக் சக் என்னும் பெரிய மலை அணிலைச் சுடுவதற்கான குண்டு அது. அச்சுக்கு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர். பின்னாளில் அந்த அச்சு விற்பனையிலிருந்து போய்விட்டது. அதன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ஆர்.சி.பி.எஸ். மட்டும் அவருடைய கம்பெனியின் பச்சை நிற இயந்திரங்களில் ஒட்டிக்கொண்டது.