பாட அட்டவணையில் தமிழ்: ஒரு வரலாற்றுப் பார்வை



மொழி கற்பிக்கும் தொடக்கநிலை நூல் எதுவாயினும் அதில் பள்ளியைப் பற்றிய பாடம் ஒன்று தவறாமல் இடம்பெறும். கணிதம், அறிவியல், இசை, ஓவியம், உடற்கல்வி என்று பாடங்களின் பெயர்கள் முதலில் வரும். பிறகு ஒரு வார அட்டவணையும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்னும் வினாவிடைகளும் வரும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் நூல்களிலும் இப்பாடம் உண்டு. நம் தமிழ்ப் பாடநூல்களிலும் உண்டு. எளிய பாடம் என்று கருதி ஆசிரியர்கள் இதனை விரைவில் கடந்துவிடுவர்.

ஆனால் சிங்கப்பூரில் இந்த எளிய பாடம் இரு மொழிகளில் இருவேறு பயன்களைத் தந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் அச்சொற்களை வாழ்நாள் முழுதும் கைக்கொண்டனர். தமிழில் கற்கும் பிள்ளைகளுள் பலரோ, தேர்வு முடிந்ததும் அவற்றைப் பாடநூலுக்குள்ளேயே விட்டுவிடுகின்றனர். இந்த வேறுபாட்டுக்குப் பிள்ளைகளின் சோம்பலோ ஆசிரியரின் திறமைக் குறைவோ காரணமாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. காரணத்தைப் பள்ளி அட்டவணையின் வரலாற்றில் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ்க் கல்வியின் வரலாறு நீண்டது. 1834இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் இலவசப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு இருந்தது. ஆயினும் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. குடியேற்ற ஆட்சி ஆங்கிலக் கல்விக்கும் மலாய்த் தொடக்கக் கல்விக்கும் காட்டிய அக்கறையைத் தமிழ்க் கல்விக்குக் காட்டவில்லை. எனவே தமிழ்ப் பள்ளிகளைச் சமூகமே நடத்த வேண்டியதாயிற்று. இன்று லிட்டில் இந்தியா என்று வழங்கும் சிராங்கூன் வட்டாரத்தில், நாரிஸ் சாலையில், இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் பெயரிலும் சாரதாமணி தேவியார் பெயரிலும் பள்ளிகளை நடத்தியது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம் மக்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். பிற்காலத்தில் அது உயர்நிலை வகுப்புகளையும் நடத்தியது.

அக்காலத்துத் தமிழ்ப் பள்ளியின் அட்டவணையை எண்ணிப் பாருங்கள். கணக்கு, சரித்திரம், பூகோளம், சுகாதாரம் என எல்லாப் பாடங்களும் தமிழிலேயே நடந்தன. அங்குத் தமிழ் ஒரு பாடமாகவும் இருந்தது. மற்றப் பாடங்களைத் தாங்கிய மொழியாகவும் இருந்தது. ‘கணக்கு’ என்னும் சொல்லைக் கற்பிக்கத் தனிப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை. கணக்குப் போட்ட பிள்ளைக்கு அச்சொல் தானே வந்தது.

1956இல் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமமதிப்பு வழங்கப் பரிந்துரைத்தது. 1960இல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்கு அந்த இரண்டாம் மொழி ஆங்கிலம். 1960களின் பிற்பகுதி தொடங்கி, ஆங்கிலவழி சாராத பள்ளிகளிலும் கணிதமும் அறிவியலும் படிப்படியாக ஆங்கிலத்துக்கு மாறின. ஆங்கிலவழிப் பள்ளிகளில் குடிமையியல் போன்ற சில பாடங்கள் தாய்மொழிக்கு ஒதுக்கப்பட்டன. ஆகவே, ஒரே அட்டவணையில் இரு மொழிகள் வெவ்வேறு பாடவேளைகளைப் பகிர்ந்துகொண்ட காலம் அது.

இக்காலத்தில் தமிழ்ப் பள்ளி மாணவன் ஒருவன் ஆங்கில வகுப்பில் பாடப் பெயர்களையும் அட்டவணையையும் கற்றான் என்று கொள்வோம். அச்சொற்கள் அடுத்த மணியிலேயே அவனுக்குப் பயன்பட்டன. ‘மேத்ஸ்’ என்று கற்றவன், ஆங்கிலத்தில் நடந்த கணித வகுப்பில் போய் அமர்ந்தான். கற்ற சொல்லும் நடக்கும் செயலும் ஒன்றையொன்று தாங்கின. அந்தப் பாடத்தின் வெற்றியில் ஆங்கில ஆசிரியரின் உழைப்புக்குப் பங்குண்டு. அட்டவணையின் பங்கோ அதனினும் பெரிது.

மறுபுறம், தமிழ்ப் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வேலைவாய்ப்பும் உயர்கல்வியும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்த நாட்டில் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளியை நாடியதை நாம் குறைகூற இயலாது. 1979இல் வெளிவந்த கோ கெங் சுவீ குழுவின் அறிக்கை, தேர்வெழுதிய மாணவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முதல்மொழி, இரண்டாம் மொழி ஆகியவற்றுள் ஒன்றிலேனும் தேறவில்லை என்பதைச் சுட்டிக் கல்வி முறையையே மாற்றியமைக்க வழிவகுத்தது. இறுதியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்று சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையில் இயங்குகிறது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே தேசிய முறைக்குள் வந்தன. அட்டவணை முழுவதும் பரவியிருந்த தமிழ், அதில் ஒரு கட்டத்துக்குள் அடங்கியது.

இந்த மாற்றத்தின் தடத்தை இன்றைய பிள்ளையின் பேச்சில் கேட்கலாம். “ரிசெஸ் முடிஞ்சதும் எனக்கு சயின்ஸ் இருக்கு. பத்தரைக்கு மேத்ஸ்.” இதனைக் கேட்டதும் ஆங்கிலக் கலப்பு என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மொழியியலார் இதனைச் சற்று நின்று நோக்குவர். ‘எனக்கு’ என்பதிலும் ‘பத்தரைக்கு’ என்பதிலும் நான்காம் வேற்றுமை செம்மையாக நிற்கிறது. முன்னது உடையவரைக் குறிக்கிறது. பின்னது நேரத்தைக் குறிக்கிறது. ‘முடிஞ்சதும்’ என்பது ஒரு செயல் முடிந்த உடனே மற்றொன்று நிகழ்வதை ஒரே சொல்லில் உணர்த்துகிறது. இலக்கணம் முழுதும் தமிழ். பெயர்ச்சொற்கள் மட்டுமே ஆங்கிலம். அதிலும் பள்ளியில் ஆங்கிலத்தில் நடக்கும் செயல்களின் பெயர்கள் மட்டுமே. பிள்ளை எந்தச் சொல்லை எந்த அறையில் கேட்டதோ அந்தச் சொல்லையே சொல்கிறது.

எனினும் இதனைக் கண்டு நாம் அமைதியடைந்துவிட இயலாது. இந்த வாக்கியத்தைப் பேசும் பிள்ளையின் வீட்டிலேனும் தமிழ் இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2010இல் 3.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020இன் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காட்டினர் ஆயினர். வீட்டுப் பேச்சு மாறும்போது ‘எனக்கு’, ‘இருக்கு’ என்பனவும் அப்பெயர்ச்சொற்களைப் பின்தொடர்ந்து மறையும்.

இந்நிலையில் நம் பாடநூலின் பட்டியலும் சிக்கலாக இருக்கிறது. பிள்ளை எந்தத் தமிழ்ச் சொல்லைக் கற்பது? தமிழ்நாட்டில் இன்று ‘இயற்பியல்’, ‘வேதியியல்’ என்கிறோம்; இலங்கையில் ‘பௌதிகவியல்’, ‘இரசாயனவியல்’ என்பர். நாம் ‘கால அட்டவணை’ என்பதை அவர்கள் ‘நேரசூசி’ என்பர். இவை தவறான வேறுபாடுகள் அல்ல. அந்தந்த நாட்டு வகுப்பறைகளில் அப்பாடங்கள் தமிழில் நடப்பதால் அங்கங்கே சொற்கள் வேரூன்றின. மலேசியாவிலும் 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. கணிதத்தைத் தமிழில் கற்கும் பிள்ளைக்கு அங்கு ‘பெருக்கல்’, ‘வகுத்தல்’ என்பவை நாள்தோறும் புழங்கும் சொற்கள். நம் பிள்ளைக்கோ அவை தமிழ் நுழையாத அறைகளின் பெயர்ப்பலகைகள்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? பழைய தமிழ்ப் பள்ளிகளை மீண்டும் திறக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையின் அடியொற்றி ஒரு படி மேலே செல்லலாம். பாடப் பெயர்களைப் பட்டியலாகக் கற்பிப்பதை விடுத்து, அப்பாடங்களின் வேலையில் சிறிதளவைத் தமிழ் வேளைக்குள் கொண்டுவருவோம். கணிதம் என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில் ஒரு கணக்கைத் தமிழில் போடச் செய்வோம். அறிவியல் என்னும் சொல்லோடு, விதை முளைப்பதை ஒரு வாரம் பார்த்துத் தமிழில் குறிப்பெழுதச் செய்வோம். உண்மையான தம் அட்டவணையைக் கொடுத்து, “எந்தக் கிழமை உனக்குக் கடினம்? ஏன்? நீயே அமைத்தால் எப்படி அமைப்பாய்?” என்று கேட்போம். அப்போது பிள்ளை தன் தேவைக்காகவே அச்சொற்களை நாடும். முதலில் ‘மேத்ஸ்’ என்று சொன்னால் தடுக்க வேண்டா. அதே வாக்கியத்தை ஆசிரியர் ‘கணக்கு’ என்று எதிரொலித்தால் போதும்.

நாரிஸ் சாலையிலும் தஞ்சோங் பகாரிலும் பள்ளி நடத்தியவர்கள் தமிழுக்கு ஒரு முழு அட்டவணையைத் தந்தார்கள். நம்மிடம் எஞ்சியிருப்பது அதில் ஒரு கட்டம். அது சிறியதுதான். எனினும் அந்தக் கட்டத்துக்குள் பிள்ளை தமிழில் கணக்குப் போடலாம், காரணம் கேட்கலாம், வழக்காடலாம். அதற்கு எந்த ஆணையும் வர வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் ஒருவர் முடிவு செய்தாலே போதும்.