லேவியராகமம் 18: தமிழ்க் கிறிஸ்தவரின் உறவுமுறைத் திருமணங்கள் வழியே ஒரு வாசிப்பு

லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தின் 6 முதல் 18 வரையான வசனங்கள், ஓர் ஆண் உறவுகொள்ளக் கூடாத பெண்களை வரிசைப்படுத்துகின்றன. தாய், மாற்றாந்தாய், சகோதரி, பேத்தி, அத்தை, சித்தி, பெரியம்மா, மருமகள், சகோதரன் மனைவி ஆகியோர் அதில் உண்டு. மாமன் மகள் அல்லது அத்தை மகளான மச்சாள் இல்லை. சித்தப்பா மகளும் இல்லை.

சிட்னியில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஹோம்புஷில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் சம்பந்தம் பேசும்போது பல அளவுகோல்கள் குறுக்கிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நேர்வழி மூதாதையர், வழித்தோன்றல், உடன்பிறப்பு ஆகிய உறவுகளை மட்டுமே விலக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி மச்சாளை மணக்க விதிவிலக்கு பெற வேண்டும். பேராயர் பார்க்கர் 1563இல் வகுத்த ஆங்கிலிக்கன் உறவுமுறை அட்டவணை மச்சாளை விலக்கவில்லை. தாய்மாமன் தன் அக்கா மகளை மணப்பதை விலக்கியது. தமிழ் வழக்கிலோ மச்சாள் முறைப்பெண், சித்தி மகள் தங்கை, மணக்கக் கூடாதவள்.

இந்தக் கடைசித் தடை வேதத்தில் இல்லை. எண்ணாகமம் 36இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் தங்கள் தகப்பனின் சகோதரர் புத்திரரையே மணந்தார்கள். தமிழ்க் காதுக்கு அது அண்ணன்–தங்கை உறவு. மாமன் மகள்மார் இருவரை யாக்கோபு மணந்ததில் முறை பிசகவில்லை. ஆனால் மனைவி உயிரோடிருக்க அவள் சகோதரியைச் சேர்க்கலாகாது என்கிறது லேவியராகமம். மோசேயின் தகப்பன் அம்ராம் மணந்தது, பட்டியல் விலக்கும் தன் அத்தையை. வேதத்துக்குள்ளேயே சட்டம் காலத்தோடு நகர்ந்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவரும் தலைமுறைகளாக அதைத் தம் உறவுமுறையோடு பொருத்தியே வாசித்து வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பட்டியல் எதைக் காக்கிறது? கட்டளை குடும்பத்து ஆண்மகனை நோக்கியது. பல தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெண்களையே அது ஒவ்வொருவராகச் சொல்கிறது. சொந்த மகளுக்குத் தனி வசனம் இல்லை. 6ஆம் வசனத்தின் பொதுத் தடைக்குள் அவள் அடங்குகிறாள். அவள் பெயர் இல்லாததை எவரும் அனுமதியாக எடுப்பதில்லை. ஆகவே பட்டியலின் எழுத்தைவிட அதன் காப்பு நோக்கமே வாசகரைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. ஆங்கிலிக்கன் 39 விதிகளில் 7ஆவது, மோசேயின் சடங்குகள் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தா, ஒழுக்கக் கட்டளைகள் கட்டுப்படுத்தும் என்று பிரிக்கிறது. பயனுள்ள பிரிப்புத்தான், ஆனால் லேவியராகமம் அப்படிப் பிரித்துத் தரவில்லை. மாதவிடாய்க் காலத்தைப் பற்றிய 19ஆம் வசனமும் ஆணோடு ஆண் சேர்வதைப் பற்றிய 22ஆம் வசனமும் ஒரே அதிகாரத்தில் நிற்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பவர் தம் அளவுகோலைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் விடுபவர் தாயை விலக்கும் 7ஆம் வசனத்தை ஏன் வைத்திருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ஐக்கிய திருச்சபை 2018இல் திருமணம் பற்றி இரு வேறு விசுவாச அறிக்கைகளுக்கு இடமளித்ததும் இத்தகைய அளவுகோல்களில் உடன்பாடு இல்லாததைக் காட்டுகிறது.

காப்பு நோக்கத்தைப் பிடித்து வாசித்தால் உறவின் பெயரை மட்டும் கேட்பது போதாது. பெண் மனம் ஒப்பினாளா, மறுத்தால் அவளுக்குப் போக்கிடம் உண்டா என்பவையும் சட்டத்தின் கேள்விகளாகின்றன. விசாவுக்கும் தங்குமிடத்துக்கும் ஓர் உறவினரையே நம்பி ஹோம்புஷுக்கு வந்து சேரும் பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. லேவியராகமம் 18 காக்க முனைந்தவர்களில் அவளும் ஒருத்தி.