நோராவுக்குக் கிடைத்த தீர்ப்பு

கற்பனைப் பாத்திரங்களைக் குற்றக்கூண்டில் நிறுத்தி விசாரிப்பது நாடகம் பார்ப்போரின் நெடுநாளைய வழக்கம். அவர்கள் எப்பிழையைப் பொறுத்தனர், எதனைப் பொறுக்க மறுத்தனர் என ஆராய்ந்தால், அவ்வக்காலச் சமுதாயத்தின் உள்ளம் புலனாகும்.

நோர்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன் இயற்றிய ‘பொம்மை வீடு’, 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் கோப்பன்கேகன் அரச நாடக அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் தலைவி நோரா, நோயுற்ற கணவனின் உயிரைக் காக்கும்பொருட்டு, தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் பெற்றவள். உண்மை வெளிப்பட்டதும் கணவன் அவளை இகழ்கிறான். ஆபத்து நீங்கியதும் மன்னிப்பதாகக் கூறுகிறான். அவ்வீட்டில் தான் வெறும் பொம்மையாகவே வாழ்ந்ததை உணர்ந்த நோரா, கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள்.

கள்ளக் கையொப்பம் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், எழுந்த கண்டனத்தின் பெரும்பகுதி அதனைப் பற்றியதன்று. தாயொருத்தி பிள்ளைகளைவிட்டுச் சென்றதைப் பற்றியதேயாகும்.

ஜேர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன் ராபே என்னும் நடிகை, குழந்தைகளைத் தம்மால் ஒருபோதும் விட்டுச்செல்ல இயலாது என்று கூறி, அம்முடிவை நடிக்க மறுத்தார். அங்கே இப்சனின் நூலுக்குப் பதிப்புரிமைக் காப்பு இருக்கவில்லை. பிறர் சிதைப்பதிலும் தாமே மாற்றுவது மேல் எனக் கருதிய அவர், வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில், குழந்தைகள் உறங்கும் அறையின் வாயிலில் நோரா தளர்ந்து வீழ்கிறாள்; திரை விழுகிறது. 1880இல் நாடகம் அவ்வாறே நடிக்கப்பெற்றது. தாமே எழுதிய அம்மாற்றத்தை, நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டிச் செயலென இப்சன் பழித்தார். நாளடைவில் மேடைகளில் நிலைபெற்றது, அவள் வெளியேறும் முடிவே.

சீனாவில் தீர்ப்பு வேறாயிற்று. 1918இல் ‘புதிய இளைஞர்’ என்னும் சஞ்சிகை இப்சன் சிறப்பிதழொன்றை வெளியிட்டபின், பழைய குடும்பக் கட்டுகளை வெறுத்த இளைஞர் நோராவைப் போற்றினர். ஆனால், 1923 டிசெம்பரில் பெய்ஜிங் மகளிர் கல்லூரியொன்றில் உரையாற்றிய எழுத்தாளர் லூ சுன், வெளியேறிய நோராவின் பின்வாழ்வு யாதாகும் என்று வினவினார். கையில் பொருளில்லாத பெண் சீரழியலாம், அல்லது வீடு திரும்பலாம். பிறிது வழி அரிது என்பது அவர் கருத்து. பெண்ணுக்குப் பொருளுரிமை வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

ஒரு சாரார் நோராவைப் பழித்தனர், மறுசாரார் புகழ்ந்தனர். லூ சுன்னோ, அவள் உண்ண வழியுண்டா என்று கேட்டார். பாத்திரமொன்றின் தவறான தெரிவை நாம் கண்டிக்குமுன், அதற்கு வேறெந்த வழி திறந்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பது நேயர்களின் கடனாகும்.