பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும்

சித்தியவானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரட்டுக் களத்தையும் லயத்தையும் கோயிலையும் மறவாது குறிப்பிடுவர். கள்ளுக்கடையை மட்டும் ஒரே வரியில் கடந்துவிடுவர். தமிழன் குடித்துக் கெட்டான் என்னும் பழிச்சொல்லோடு அவ்வரியும் முடிந்துவிடும். ஆனால் அக்கடை தானாக முளைத்ததன்று.

1903-ஆம் ஆண்டில் மெதடிஸ்ட் திருச்சபையின் முயற்சியால் ஃபூச்சோ சீனர் சித்தியவானில் குடியேறினர். அந்நாளில் மலாயாவில் அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 1910-ஐ ஒட்டி அரசே அவ்வணிகத்தை ஏற்றுக்கொண்டது. சீனத் தொழிலாளிக்கு அபின், தமிழ்த் தொழிலாளிக்குக் கள் என வகுத்துக் கொடுத்தது போன்றதொரு நிலை. கள், தோட்டத்திற்குள்ளேயே அரசின் உரிமத்துடன் நிருவாகத்தின் பார்வையில் விற்கப்பட்டது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு வந்து, பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்தவன், பெற்ற கூலியில் ஒரு பகுதியை மாலையில் அங்கேயே விட்டுச் சென்றான். கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று இவ்வேற்பாட்டுக்கு நியாயம் கூறப்பட்டது. தகப்பன் குடித்த காசில் பிள்ளைக்கு நலமாம்!

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆகவே பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும் ஒரே நிருவாகத்தின் கீழ் நின்றன. தாய் அனுப்பத் தந்தையைத் தேடிக் கடை வாசலில் நின்ற சிறுவன், இரவில் லயத்தின் மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் எழும் அலறலையும் கேட்டு வளர்ந்தான். மறுநாள் காலையில் அவனே ஆத்திசூடி ஒப்புவித்தான். அவ்விரு பாடங்களில் எது அவன் நெஞ்சில் நின்றது என்பதை எந்த ஆண்டறிக்கையும் பதியவில்லை.

எதிர்ப்பு எழாமலில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். போருக்குப் பின், பேராக்கிற்கு வடக்கே கெடாவில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்களே அதன் முதுகெலும்பு. அணிவகுப்புப் பயின்று, குடியை விட்டு, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்தவரைக் கண்டித்த முறை சிற்சில இடங்களில் கடுமையாகவே இருந்தது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், குடிப்பவனுக்கு மாலையில் போக வேறோர் இடத்தையும் அவர்கள் உண்டாக்கினர். அரிய செயல் அதுவே. 1947-இல் பீடோங்கில் மறியல் செய்தவர்களோடு காவலர் மோதியதில் தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். ஏ. எம். சாமியின் தலைமையில் வளர்ந்த அப்படை விரைவில் ஒடுக்கப்பட்டது.

பின்னர்த் தோட்டங்களில் மலிவான சம்சு புகுந்தது. அடுத்த தலைமுறையைத் தேடிப் போதைப்பொருளும் வந்தது. 1976-இல் பெமாடாம் இயக்கம் தோன்றியது; 1983 பிப்ரவரி 19-இல் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரியென அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுச் சட்டம் ஈராண்டு மறுவாழ்வு மையத்திலும், அதன்பின் ஈராண்டு வெளியே கண்காணிப்பிலும் என வகுத்தது. அதே காலத்தில்தான் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. மையத்திலிருந்து மீண்டு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் திரும்பிச் செல்ல அந்த லயமே இருக்கவில்லை.