ஈரத்தின் பெயர்

முன்னங்காலில் மூன்று விரல். பின்னங்காலில் இரண்டே விரல். ஸ்லோவேனியாவின் தென்கிழக்கில், பேலா கிராயினா என்ற சிறு நிலப்பகுதியின் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓடும் நீரில் வாழும் கறுப்புச் சாலமாண்டரின் கால் அது. உலகில் வேறெங்கும் அது இல்லை. அது வாழும் பரப்பு நூறு சதுர கிலோமீட்டர்கூட வராது. 'பேலா' என்றால் அந்த மொழியில் வெள்ளை. வெள்ளை என்று பேர்பெற்ற மண்ணுக்குக் கீழே இந்தக் கறுப்பு உயிர்.

1986இல் தோப்லிச்சித்சா ஊற்றுநீரை ஆராயப்போனவர்கள் கையில் அது முதன்முதலாகச் சிக்கியது. 1994இல் ஸ்கெட், ஆர்ன்ட்சன் என்ற இரு விலங்கியலாளர்கள் அதைத் தனித் துணையினமாக விவரித்து, 'பார்கெல்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்லோவேனியக் குழந்தைகளுக்குப் பார்கெலைத் தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கோலாஸ் பரிசு கொண்டுவரும்போது, சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு கூடவே வரும் கொம்பு முளைத்த கரிய பேய் அது. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பன்றிக்கும் மாட்டுக்கும் இருக்கும் பிளவுபட்ட குளம்பு. நிறத்துக்குப் பேய் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பின்னங்காலின் இரட்டை விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குளம்புதான் நினைவுக்கு வருகிறது.

இதன் வெளிறிய உறவு இன்னும் பரவலாக வாழ்கிறது. பெயர்களும் அதற்குத்தான் அதிகம். பழைய பெயர் டிராகனோடு ஒட்டியது. வ்ர்ஹ்னிகா ஊருக்கு அருகில் லிந்த்வெர்ன் என்றொரு ஊற்று. டிராகனைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லின் திரிபு அது. பாறைக்குள் டிராகன் குடியிருக்கிறது, அதனால்தான் ஊற்று திடீர் திடீரென்று பொங்குகிறது என்று மக்கள் நம்பினர். பெருமழைக்குப் பின் வெளியே அடித்துவரப்பட்ட வெளுத்த பிராணிகள் அதன் குட்டிகள். வரலாற்றாசிரியர் வல்வாசோர் 1689இல் வெளியிட்ட பெருநூலில் இந்தக் கதையைப் பதிந்திருக்கிறார். 2016இல் போஸ்டோய்னா குகையில் முட்டை பொரிந்தபோது, செய்தித்தாள்கள் மறுபடியும் 'டிராகன் குட்டிகள்' என்றே எழுதின. முன்னூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் சாகவில்லை.

1768இல் வியன்னாவின் லௌரெந்தி வைத்த அறிவியல் பெயர் 'புரோட்டியஸ் அங்குய்னஸ்'. அங்குய்னஸ் என்றால் பாம்பு போன்றது. உடல் வாகைப் பார்த்தால் சரிதான். புரோட்டியஸ் கிரேக்கர்களின் கடல் முதியவன், பிடிக்க வருபவர்களிடமிருந்து தப்ப சிங்கமாகவும் நீராகவும் மரமாகவும் உருமாறுபவன். இந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற சாலமாண்டர்கள் பலவும் வளர்ந்ததும் செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேறும். இதுவோ தலையின் இருபுறமும் சிவந்த இறகுபோல் விரிந்த செவுளோடு பிறந்து, அதே செவுளோடு நூறாண்டை எட்டக்கூடிய ஆயுளையும் கழிக்கிறது. மாறவே மாறாத உயிருக்கு மாறிக்கொண்டே இருப்பவன் பெயர்!

ஸ்லோவேனிய மக்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும் 'ச்லோவெஷ்கா ரிபித்சா' என்பதற்கு 'மனித மீன்குஞ்சு' என்று பொருள். அது மீன் அல்ல, ஆனால் வெளிறிய அதன் தோல் அவர்களுக்குத் தங்கள் தோலையே நினைவூட்டியது. இருட்டில் கிடந்த ஒரு பிராணியைத் தன் நிறத்தில் கண்டுகொண்ட பெயர் அது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது 'மோச்செரில்'. 'மோச்சா' என்றால் ஈரம். ஈரத்தில் ஊர்வது மோச்செரில். தமிழ் மண்ணில் சாலமாண்டர்கள் இல்லை, அதனால் நமக்குச் சொந்தச் சொல்லும் இல்லை. 'ஈரத்தான்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

பேயும் கடலோனும் டிராகனும் பிராணியைத்தான் பேசுகின்றன. மோச்செரில் மட்டும் அது இருக்கும் நீரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த நீருக்குத்தான் இன்று ஆபத்து. சுண்ணாம்புப் பாறை மழைநீரை வடிகட்டாமல் அப்படியே கீழே விட்டுவிடும். வயலில் கொட்டிய எருவும் ரசாயனமும் நேரே நிலத்தடிக்குப் போகும். பேலா கிராயினாவிலேயே குருப்பா ஆற்றில், மின்தேக்கித் தொழிற்சாலை ஒன்றின் கழிவிலிருந்து கசிந்த பிசிபி நஞ்சு இருப்பது 1983இல் தெரியவந்தது. அந்த ஆற்றின் ஊற்றில் வாழும் மோச்செரிலின் உடம்பிலும் அது சேர்ந்திருக்கிறது.

பார்கெல் முதலில் அகப்பட்ட தோப்லிச்சித்சா ஊற்றுநீரைத்தான் செர்நோமெல் ஊரார் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள்.