மாணவர் உலகில் ஒரு தோழமை

கல்லூரி என்பது மனிதர் நிலைத்து வாழும் இடமன்று. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் தங்கிப் பயின்று, பட்டம் பெற்றுப் பிரிந்து செல்லும் இடம். குடும்பத்திலும் ஊரிலும் கோயிலிலும் தந்தை பேணியதை மைந்தன் ஏற்றுப் பேணுகிறான். கல்லூரியிலோ அத்தகைய வழிவழி உரிமை கிடையாது. இன்று ஒரு சங்கத்தை நடத்துவோர் நாளை அங்கிருக்கமாட்டார்கள். இத்துணை நிலையற்ற இடத்தில் தோன்றிய கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் எவ்வாறு உலகளாவிய இயக்கமாக வளர்ந்தது, கொடுப்பவர் கொள்பவர் என்ற வேற்றுமை அதனை எவ்வாறு சோதித்தது என்பதே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வரலாற்றை 1729ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வாண்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் வெஸ்லி என்ற மாணவரும் அவருடைய நண்பர் சிலரும் ஒன்றுகூடி வேதம் வாசிக்கவும் ஒழுங்குடன் வாழவும் முற்பட்டனர். அவருடைய தமையனார் ஜான் வெஸ்லி விரைவில் அக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். உடன்பயின்ற மாணவர்கள் அவர்களைப் ‘புனிதக் கழகத்தார்’ என்று பரிகசித்தனர். எதையும் முறைப்படியே செய்தமையால் ‘மெதடிஸ்டுகள்’ என்றும் நகையாடினர். கேலிக்கு இட்ட அப்பெயரே பின்னாளில் ஒரு பெரிய திருச்சபையின் பெயராயிற்று. அவர்களுள் வில்லியம் மார்கன் என்பவரின் தூண்டுதலால், 1730இல் அவர்கள் ஆக்ஸ்போர்டுக் கோட்டைச் சிறைக்குச் சென்று கைதிகளைக் காணலாயினர். அறைக்குள் தொடங்கிய வழிபாடு ஓராண்டுக்குள் சிறைக்கதவைத் தட்டிற்று. தியானம், தொண்டு ஆகிய இவ்விரண்டும் மாணவர் ஐக்கியத்தின் இரு கால்களாக அன்றே அமைந்துவிட்டன.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூர் உள்ளது. 1806ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்குள்ள வில்லியம்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் பிரார்த்தனைக்காக வயல்வெளியில் கூடியிருந்தனர். இடியும் மழையும் சூழ்ந்தமையால் வைக்கோற்போர் ஒன்றின் மறைவில் ஒதுங்கினர். சாமுவேல் மில்ஸ் என்பவர் ஆசிய நாடுகளுக்குச் சென்று நற்செய்தி அறிவிக்க வேண்டும் என்ற கருத்தை அவ்விடத்தில் முன்வைத்தார். அவ்வெண்ணம் வேறு சில மாணவரிடத்தும் பரவிற்று. அவர்களுடைய வேண்டுகோளின் விளைவாக 1810இல் ‘அமெரிக்கன் போர்டு’ என்னும் மிஷனெரிச் சங்கம் நிறுவப்பட்டது.

தமிழர்க்கும் இந்நிகழ்ச்சிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அச்சங்கத்தார் 1813இல் பம்பாயிலும், 1816இல் யாழ்ப்பாணத்திலும், 1834இல் மதுரையிலும் தம் பணியைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் நிறுவிய உயர்கல்விக் கூடத்தில் பயின்றவர்களுள் ஒருவர், 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளை ஆவார். அவர் பின்னர்ச் சைவ நெறியைத் தழுவினார். மழைக்கு ஒதுங்கிய ஐவர் தம் பணியின் விளைவுகளுள் ஒன்று சங்க இலக்கியப் பதிப்பாக இருக்கும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். விதைப்பவன் எண்ணியபடியே விளைவு அமைவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், அக்காலத்து மாணவர் குழுக்கள் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. அவற்றை இணைக்கும் பாலமாக வாய்த்தது, 1844இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகும். 1858 முதல் அதன் கிளைகள் அமெரிக்கக் கல்லூரிகளிலும் தோன்றின. 1877இல் கல்லூரிக் கிளைகளை ஒன்றிணைக்கும் பணிக்கு, பிரின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற லூதர் விஷார்ட் என்பவர் காரியதரிசியாக அமர்த்தப்பட்டார். அவருடைய முயற்சியால் 1886ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டுவைட் மூடி என்ற புகழ்பெற்ற பிரசங்கியாரின் தலைமையில், மாசசூசெட்ஸ் மாகாணத்து மவுண்ட் ஹெர்மன் என்னுமிடத்தில் மாணவர் முகாம் ஒன்று கூடிற்று. 89 கல்லூரிகளிலிருந்து 251 மாணவர்கள் வந்திருந்தனர்.

அவர்களுள் ஒருவர் இராபர்ட் வைல்டர். மிஷனெரி ஒருவரின் மகனாக, நம் நாட்டுக் கோலாப்பூரில் பிறந்தவர். அயல்நாட்டுப் பணிக்குத் தம்மை ஒப்படைப்போர் முன்வரவேண்டும் என்று அவர் உடன்வந்த மாணவரிடையே இடைவிடாது பேசினார். முகாம் முடிவதற்குள் நூறு மாணவர்கள் இசைந்தனர். கார்னெல் பல்கலைக்கழக மாணவராக வந்திருந்த ஜான் மாட் என்பவரும் அந்நூற்றுவருள் ஒருவர். 1888இல் இம்முயற்சி ‘மாணவர் தொண்டர் இயக்கம்’ என்ற அமைப்பு வடிவம் பெற்றது. அதன் வழியே அயல்நாடு சென்றோர் காலப்போக்கில் 20,000க்கு மேற்பட்டனர். 1895இல் ஸ்வீடன் நாட்டின் வாட்ஸ்டேனா கோட்டையில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, ‘உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனம்’ என்ற ஸ்தாபனத்தை அமைத்தனர். முப்பது வயதே நிரம்பிய மாட் அதன் பொதுக் காரியதரிசியானார். பின்னர் 1946இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் இவரே. சம்மேளனம் பிறந்த கையோடு, 1895-96இல் அவர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து கல்லூரிகள்தோறும் மாணவரைச் சந்தித்தார்.

இவ்விடத்தில்தான் ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘ஐக்கியம்’ என்ற சொல்லுக்குச் சமமானவர்களின் கூட்டுறவு என்பதே பொருள். அதே இயக்கம் ஆளப்படும் நாட்டுக்கு, ஆளும் இனத்தாரின் தோற்றத்தோடு வந்தபோது, சமத்துவம் நிலைத்ததா? ஒருவர் என்றும் கொடுப்பவர், மற்றவர் என்றும் கொள்பவர் என்றால், அதனைத் தோழமை எனலாமா?

இக்கேள்வியைத் தம் வாழ்வில் எதிர்கொண்டவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாக உழைத்தார். மாணவர் தொண்டராக 1896இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, மாணவரிடையே பணிபுரிந்த ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்க இளைஞர் அவருடைய உற்ற நண்பரானார். எனினும் அசரியா நட்பில் மட்டும் நிறைவடையவில்லை. இந்தியக் கிறிஸ்தவர் தம் பணத்தாலும் தம் நிர்வாகத்தாலும் தாமே பணிபுரிய வேண்டும் என்ற நோக்கத்துடன் 1903இல் திருநெல்வேலியிலும், 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் சீராம்பூரிலும் தோன்றிய இரு சங்கங்களுக்கு அவர் மூலபுருஷராய் விளங்கினார். 1907இல் சம்மேளனம் கீழ்த்திசையில் முதன்முறையாக டோக்கியோவில் மாநாடு கூட்டியபோது, இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அங்குச் சென்றார்.

1910ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. தலைமை வகித்தவர் ஜான் மாட். வந்திருந்த பிரதிநிதிகள் ஏறத்தாழ 1,200 பேர். ஆசியர் இருபதுக்கும் குறைவு. அவ்வவையில் அசரியா எழுந்து பேசினார். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர்களுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே அன்றாட உறவில் நிலவிய தொலைவை ஒளியாது எடுத்துக்காட்டினார். எங்களுக்குப் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்பதே அவர் உரையின் சாரம். அவையினர் சிலர் மனம் புண்பட்டனர். ஆனால் அம்மாநாட்டின் உரைகளுள் இன்றளவும் நினைவுகூரப்படுவது அதுவே. இரண்டாண்டுகளில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அதே 1912ஆம் ஆண்டில் இந்தியாவின் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் தோன்றிற்று.

முதல் உலகப் போர் இத்தோழமையை வேறொரு விதத்தில் சோதித்தது. ஒரே சம்மேளனத்தைச் சேர்ந்த மாணவர்கள் எதிரெதிர்ப் படைகளில் நின்று போரிட்டனர். போர் ஓய்ந்தபின், 1920இல், சம்மேளனத்தின் காரியதரிசிகளுள் ஒருவரான ரூத் ரௌஸ் அம்மையார் வியன்னா நகருக்குச் சென்றார். அங்குப் பல்கலைக்கழக மாணவர் உணவும் உடையும் கணப்பு நெருப்புமின்றி வாடுவதைக் கண்டு, பிற நாட்டு மாணவருக்கு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக ‘ஐரோப்பிய மாணவர் நிவாரணம்’ என்ற பணி அவ்வாண்டே தொடங்கியது. நேற்றைய பகைவர், மாற்று மதத்தவர் என்ற வேறுபாடின்றி உதவி அளிக்கப்பட்டது. பிச்சையாக அன்றி, மாணவர் தாமே சமையற்கூடங்களையும் தொழிற்கூடங்களையும் நடத்த வழிவகை செய்தனர். இப்பணியே பல மாற்றங்களுக்குப்பின் 1950இல் ‘உலகப் பல்கலைக்கழகச் சேவை’ என்ற பெயரைப் பெற்றது. டில்லிப் பல்கலைக்கழக மாணவர் நன்கறிந்த டபிள்யூ.யூ.எஸ். சுகாதார நிலையம் தாங்கிய பெயர் இதுவே.

இரண்டே ஆண்டுகளில், 1922இல், சம்மேளனம் சீனத்தின் பீகிங் நகரில் கூடியபோது நிலைமை வேறாயிருந்தது. ஷாங்காய் மாணவர்கள் கிறிஸ்தவ எதிர்ப்புச் சம்மேளனம் ஒன்றை அமைத்து, இம்மதம் முதலாளித்துவத்துக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் துணைபோவது என்று சாடினர். மாநாடு நடைபெற்ற சிங்குவா கல்லூரியோ, சீனத்திடமிருந்து அமெரிக்கா பெற்ற நஷ்டஈட்டுத் தொகையில் திருப்பி அளித்த பகுதியைக் கொண்டு நிறுவப்பட்டது. அசரியா அன்போடு சுட்டியதைச் சீன மாணவர்கள் சினத்தோடு சுட்டினர். சொல்லிய முறை வேறாயினும், இரண்டுக்கும் அடியில் இருந்த குறை ஒன்றே.

அக்குறை ஒருவாறு நீங்கத் தொடங்கியதைத் தாம்பரத்தில் காண்கிறோம். 1938ஆம் ஆண்டு டிசம்பரில், அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில், அகில உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் அதே ஜான் மாட். ஆனால் இம்முறை பிரதிநிதிகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளின் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். எடின்பரோவில் விருந்தினராய் அமர்ந்தவர்கள் தாம்பரத்தில் உரிமையோடு அமர்ந்தனர்.

இயக்கத்துக்குள்ளேயும் பிளவு இல்லாமலில்லை. 1877இல் அமைந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஐக்கியம், வேதத்தின் அதிகாரமும் தனிமனிதனின் மனமாற்றமுமே முதன்மையானவை என்று வலியுறுத்தி, 1910இல் பிரிட்டனின் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தை விட்டு விலகியது. பரந்த நோக்கும் சமூகத் தொண்டும் வேண்டும் என்போர் ஒருபுறமும், நற்செய்தியே நடுநாயகம் என்போர் மறுபுறமுமாயினர். பின்னவர் 1947இல் தமக்கென ஓர் உலகச் சம்மேளனத்தை அமைத்தனர். இந்தியாவில் அவ்வழியில் 1954இல் இந்திய நற்செய்தி மாணவர் ஒன்றியம் தோன்றிற்று. ஆக்ஸ்போர்டில் ஓருடலின் இரு கால்களாக இருந்தவை தனித்தனி வழி நடக்கலாயின. எனினும், அறையில் வேதம் வாசிப்போர்க்குச் சிறைக்கதவும், சிறைக்குச் செல்வோர்க்கு வேதவாசிப்பும் என்றும் தேவைப்பட்டே வந்துள்ளன.

அமெரிக்காவில் கிளைத்தெழுந்த மாணவர் தொண்டர் இயக்கத்தின் முடிவும் நாம் கருதத்தக்கது. 1920ஆம் ஆண்டு அதன் உச்சம். அதன்பின் வந்த மாணவர் தலைமுறைக்கு நிறவேற்றுமையும் போருமே பெருங்கேள்விகளாயின. பழைய முழக்கம் அவர்கள் செவியில் ஏறவில்லை. 1959இல் அவ்வியக்கம் வேறு மாணவர் அமைப்புகளோடு கலந்தது. அக்கலப்பிலிருந்து 1966இல் பிறந்த பல்கலைக்கழகக் கிறிஸ்தவ இயக்கம் 1969இல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. பணமும் பெயரும் பழம்பெருமையும் இருந்தும், புதிதாக வந்த மாணவரின் வினாவுக்கு விடை கூற இயலாத ஸ்தாபனம் நிலைக்கவில்லை.

ஆகவே, மாணவர் ஐக்கியத்தை முன்னோர் தேடிவைத்த சொத்தென்று எண்ணுவதற்கில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை அது புதிதாகப் பிறந்தாக வேண்டும். அவ்வாறு பிறந்த இடங்களிலெல்லாம் ஓர் உண்மை புலனாகிறது. வைக்கோற்போரின் கீழ் ஒதுங்கிய ஐவரிடையே மேலோர் கீழோர் இல்லை. வியன்னாவின் மாணவர் சமையற்கூடத்தில் உண்டவரே உணவும் சமைத்தனர். பிறர்க்கு ஈவது எளிது. பிறர் ஈவதை மனமுவந்து பெற்றுக்கொள்ளும் பணிவே அரிது. அப்பணிவு இருதிறத்தாரிடமும் அமைந்தபோது ஐக்கியம் தழைத்தது. ஒருதிறத்தாரிடம் அது குன்றியபோது, எத்துணைப் பெரிய மாநாட்டாலும் அதனைக் காக்க முடியவில்லை.